அம்மாவோட லெவல் 58

ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. இன்னிக்கு உட்கார்ந்து எழுதுறதுக்குக் காரணம் ஒரு வீடியோ கேம். கேம்னதும் நான் ஏதோ ராத்திரி முழுக்க முழிச்சு விளையாடினேன்னு நினைச்சுடாதீங்க. விளையாடுறது எங்க அம்மா. வயசு 61. ரிட்டயர்ட் தமிழ் டீச்சர். இருக்கிறது அம்பாசமுத்திரம். (இந்தப் பதிவுல ஒற்றுப்பிழை இருந்தா முதல் பின்னூட்டம் அங்கேருந்துதான் வரும். பயந்துக்கிட்டேதான் தட்டுறேன்.)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் டோக்கியோவுக்குப் பொட்டி தட்ட வந்தது 2022 கடைசியில. வீடு நிஷி-கசாய் பக்கம், ஸ்டேஷன்ல இறங்கினா பாதி நம்ம ஊர் முகமாத்தான் இருக்கும். வந்த முதல் குளிர்காலத்துலயே பேன்ட் எல்லாம் இடுப்புல சண்டை போட ஆரம்பிச்சுது. ஜிம்முக்குப் போகச் சோம்பல். சரின்னு ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச், கூடவே 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' வாங்கினேன். 2019 அக்டோபர்ல வந்த கேம் அது. 2020-ல எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ ஜப்பான்ல கடைங்க குலுக்கல் போட்டு வித்த சமாச்சாரம். நான் வாங்கினப்போ அலமாரியில சும்மாவே கிடந்துச்சு.

தெரியாதவங்களுக்கு: ஒரு பெரிய வளையம் வரும், கார் ஸ்டியரிங் சைஸ்ல. வலது பக்க ஜாய்-கானை அதுல மாட்டணும். இடது பக்க ஜாய்-கானைத் தொடையில ஒரு பட்டை கட்டி அதுல சொருகணும். நின்ன இடத்துல ஓடினா டிவிக்குள்ள இருக்கிற ஆளும் ஓடுவார். வழியில பூதங்கள் வரும். கத்தி, துப்பாக்கி எல்லாம் கிடையாது. ஸ்குவாட் பண்ணினா, வளையத்தை அமுக்கினா, வயித்தை எக்கினா பூதம் சாகும். பெரிய வில்லன் யாருன்னா ஜிம்முக்கே குடிபோன மாதிரி இருக்கிற ஒரு டிராகன்.

நான் மொத்தம் ஒன்பது நாள் விளையாடினேன். அப்புறம் அந்த வளையத்துல துண்டு காயப்போட்டேன். ஹி ஹி.

2024 ஏப்ரல்ல அம்மாவும் அப்பாவும் வந்தாங்க, 90 நாள் விசாவுல. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். முப்பது வருஷம் நின்னுக்கிட்டே பாடம் எடுத்த கால். ஊர்ல டாக்டர், "தொடைத் தசையைப் பலப்படுத்துங்க, எடையைக் குறைங்க, ஆபரேஷன் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்"னு சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பி வெச்சிருந்தார். அங்க ஒரு தாள்ல படம் போட்டுக் குடுத்திருக்காங்க. அந்தத் தாள் சாமி ரூம்ல காலண்டருக்குப் பின்னாடி பத்திரமா இருந்துச்சு. அவ்வளவுதான்.

இங்க வந்து ஜூன்ல மழைக்காலம் ஆரம்பிச்சதும் பார்க்குக்கு நடக்கப் போறது நின்னுபோச்சு. ஒருநாள் நான் ஆபிஸ்லேருந்து வரேன், அம்மா புடவைக்கு மேல தொடைப் பட்டையைக் கட்டிக்கிட்டு நிக்குறாங்க. டிவியில மரம் மாதிரி ஒத்தைக்கால்ல நிக்கிற போஸ். "ஏல, இது விருட்சாசனம்லா! நாங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததுதான். இதையா காசு குடுத்து வாங்கினே?"

அன்னிக்கு ஆரம்பிச்சாங்க. கஷ்டம் எவ்வளவு வேணும்னு 1-லேருந்து 30 வரைக்கும் வெச்சுக்கலாம். அம்மாவுக்கு 6. ஓடுறதுக்குப் பதிலா லேசா முட்டியை மடக்கினாப் போதும்னு ஒரு வசதியும் இருக்கு. கீழ் வீட்டுக்காரங்களுக்குச் சத்தம் கேட்காம இருக்கறதுக்காகச் செஞ்சது. எங்க வீட்டுல அது முழங்காலுக்கு உதவிச்சு. எது பண்ணலாம் எது கூடாதுன்னு அம்மா ஊர் டாக்டர்கிட்ட போன்ல கேட்டுக்கிட்டாங்க, நான் சொன்னதை நம்பலை. ஊருக்குக் கிளம்புறப்போ ஸ்விட்சையே அவங்க பெட்டியில வெச்சு அனுப்பிட்டேன். எனக்குத் துண்டு காயப்போட வேற கொடி இருக்கு.

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன்.

ஸ்விட்சோட உள் நினைவகம் 32 ஜிபி, அதுலயும் ஒரு பகுதி சிஸ்டத்துக்கே போயிடும். அக்கா பையன் வேற அங்க வந்து ஏதாவது டவுன்லோட் பண்ணுவான். சரின்னு ஆன்லைன்ல ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு வாங்கிச் சொருகினேன். 512 ஜிபி. விலை? சொன்னா சிரிப்பீங்க. அந்த விலைக்கு நல்ல கம்பெனி கார்டு 64 ஜிபி கிடைச்சாலே அதிசயம். இஞ்சினியரிங் படிச்சவன், அதே துறையில சம்பளம் வாங்குறவன், "ஆஹா ஆஃபர்"னு வாங்கினேன். இருந்த டவுன்லோடு எல்லாத்தையும் அதுக்கு மாத்தினேன். ரிங் ஃபிட்டோட அப்டேட்டையும் சேர்த்து.

நிற்க.

2024 டிசம்பர் 26, வியாழன். இந்திய நேரம் காலைல ஆறு, இங்க ஒன்பதரை. எங்க டீம் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் ஆரம்பிக்கிற நேரம். அம்மாகிட்டேருந்து வாட்சப் கால். வெட்டினேன். மறுபடி. வெட்டினேன். மூணாவது தடவை அப்பாகிட்டேருந்து வந்துச்சு. நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. வெளிய ஓடி வந்து எடுத்தா, அப்பா சாவகாசமா, "ஒண்ணுமில்லடே, உங்கம்மா வளையம் வேலை செய்யலையாம்" அப்படிங்கறார்.

டிவியில என்ன வருதுன்னு கேட்டேன். அம்மா எழுத்துக்கூட்டாத குறையா, நிறுத்தி, டிக்டேஷன் போடுற மாதிரி வாசிச்சாங்க. சுருக்கமா, தரவு கெட்டுப்போயிருக்கு, திரும்ப டவுன்லோட் பண்ணு.

எங்க தொழில்ல முதல் மந்திரம் ஒண்ணு இருக்கு, உங்களுக்கே தெரியும். "அம்மா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." பண்ணிட்டேன்னாங்க. வீடியோவுல பார்த்தா மேல இருக்கிற பட்டனை ஒரு தட்டு தட்டுறாங்க. அது தூங்கத்தான் போகும். மூணு செகண்டு அமுக்கிப் பிடிச்சா பவர் மெனு வரும், அதுல போய் அணைக்கணும். அஞ்சு மாசத்துல அந்தப் பொட்டி ஒரு தடவைகூட முழுசா அணைஞ்சதில்லைன்னு அப்பதான் தெரிஞ்சுது. அணைச்சு, போட்டு, மறுபடி பார்த்தா அதே வாசகம்.

அடுத்து, கேம் படத்து மேல நின்னு பிளஸ் பட்டனை அமுக்கினா வர்ற பட்டியல். அதுல 'சாஃப்ட்வேர் அப்டேட்'. ஓடிச்சு. முக்கால்வாசி போய் நின்னுச்சு. திரும்ப, அதே முக்கால்வாசி. வைஃபைதான்னு முடிவு கட்டினேன். மோடம் மாடியில இருக்கு, டிவி கீழ. செட்டிங்ஸ்ல இன்டர்நெட் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். பாஸ். அப்பா போனை ஹாட்ஸ்பாட்டா வெச்சுப் பார்த்தோம். அதுலயும் டெஸ்ட் பாஸ், அப்டேட் ஃபெயில். சிஸ்டம் அப்டேட் பண்ணச் சொன்னேன். அது மட்டும் ஜம்முனு ஏறிச்சு. (அது உள் நினைவகத்துக்குப் போகுது. அங்கயே எனக்கு மண்டையில மணி அடிச்சிருக்கணும். அடிக்கலை.)

ஆபிஸ் முடிச்சு சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். கேமை ஒருதடவை டெலீட் பண்ணிட்டுப் புதுசா அப்டேட்டை இறக்கலாம்னு திட்டம். மெனுவுல 'டெலீட் சாஃப்ட்வேர்'ங்கிற இடம் வந்ததும் அம்மா கை நின்னுபோச்சு.

"டெலீட்டுனு போட்டிருக்கு. அமுக்கவா?"

"அமுக்கும்மா."

"என் கணக்கு?"

அம்மா கணக்குன்னு சொல்லுறது லெவல் 58. ஒன்பதாவது உலகம். 6-ல ஆரம்பிச்சு 11-க்கு ஏத்திக்கிட்ட கஷ்டம். 131 காலை நேரம். அதுல கல்யாணம், திருச்செந்தூர்ப் பயணம், காய்ச்சல் எல்லாம் போக, மிச்சம் இருந்த எல்லா நாளும். படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்காம ஏறினாங்கன்னு அப்பா ஒருநாள் எனக்குத் தனியா போன் பண்ணிச் சொன்னார். அந்த 131 அதுக்குள்ள இருக்கு.

நான் விளக்கினேன். "அம்மா, இதுல மூணு சமாச்சாரம் இருக்கு. அந்தச் சின்ன கார்ட்ரிட்ஜ், அது அச்சடிச்ச பாடப்புத்தகம். அதுல யாரும் ஒண்ணும் எழுத முடியாது. அப்டேட்டுங்கறது புத்தகம் அச்சான பிற்பாடு அனுப்புவாங்கள்லா, பிழைதிருத்தம், கூடுதல் பாடம், அந்தத் தாளு. உன் லெவல் இருக்கிறது வீட்டுப்பாட நோட்டு. மூணும் வேற வேற இடம். தாள்தான் கிழிஞ்சிருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற தாள் வாங்குதோம். நோட்டைத் தொடவே மாட்டோம்."

உண்மையிலயே அப்படித்தான். 2020 மார்ச்ல பாட்டுக்கு ஏத்த மாதிரி வளையத்தை அமுக்குற ரிதம் கேம் வந்துச்சே, அது இந்த மாதிரித் தாள்தான், இலவச அப்டேட்டா வந்தது. கார்ட்ரிட்ஜ்ல இருக்கிறது 2019 கேம்.

அம்மாவுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. டீச்சராச்சே. ஆனா அடுத்து ஒரு கேள்வி கேட்டாங்க. "நிச்சயமாத் தெரியுமால? இல்ல, இப்படித்தான் இருக்கும்னு சொல்லுதியா?"

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு.

2019-ல, சென்னையில முதல் வேலை. சின்னக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற இடம். ஒரு அப்டேட்டுக்கு நான் எழுதின ஸ்கிரிப்ட், ஒரு மளிகைக்கடையில ரெண்டு தடவை ஓடிடுச்சு. முதல் ஓட்டத்துல பழைய டேபிள்லேருந்து புதுசுக்கு மாத்திட்டுப் பழசைக் காலி பண்ணும். ரெண்டாவது ஓட்டத்துல காலி டேபிள்லேருந்து மாத்திச்சு. வாடிக்கையாளர் கடன் பாக்கி மொத்தமும் பூஜ்யம். அதுக்கு முன்னாடி அந்தக் கடைக்காரர் போன்ல கேட்டிருந்தார், "தம்பி, பாக்கிக் கணக்குக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" "ஒண்ணும் ஆகாது சார்"னு சொன்னேன். ஒரு வாரப் பழைய பேக்கப் இருந்துச்சு. நடுவுல அந்த ஒரு வாரம் போனது போனதுதான். அவர் கத்தலை. "நோட்டுல எழுதியிருந்தா நனைஞ்சாலும் காயவெச்சுப் படிக்கலாம்"னு மட்டும் சொன்னார். எங்க மேனேஜர் திட்டினது எதுவும் இப்ப ஞாபகத்துல இல்ல. இது இருக்கு.

அதனால அம்மாகிட்ட, "அஞ்சு நிமிஷம் இரும்மா, பார்த்துட்டுச் சொல்லுதேன்"னு சொல்லிட்டு, நின்டெண்டோவோட உதவிப் பக்கத்தைத் திறந்து வரி வரியாப் படிச்சேன். சாஃப்ட்வேரை டெலீட் பண்ணினா சேவ் டேட்டா போகாது. அதை அழிக்கணும்னா செட்டிங்ஸ்க்குள்ள வேற இடத்துக்குப் போய், தனியா அழிக்கணும். சேவ் டேட்டா எப்பவும் பொட்டிக்குள்ளதான் இருக்கும், எஸ்டி கார்டுக்கு நகலெடுக்கவே முடியாது. கிளவுட்ல ஒரு பிரதி வெச்சுக்கச் சந்தா கட்டணும். நான் கட்டலை. (இதையும் என் தப்புப் பட்டியல்ல சேர்த்துக்கோங்க.)

"நிச்சயமாத் தெரியும், அமுக்கு." அமுக்கினாங்க. அழிஞ்சுது. திரும்ப இறக்கினோம். முக்கால்வாசி. நின்னுச்சு.

இப்ப கேம் முன்னாடி இருந்த நிலைமைக்குக்கூட இல்ல. அம்மா ஒண்ணும் சொல்லலை. "சரி, நீ போய்ச் சாப்பிடு, அங்க நேரமாயிருக்கும்"னாங்க. திட்டியிருந்தாத் தேவலை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆபிஸ்ல வருஷக்கடைசி வேலை. ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். "உங்கம்மா டிவி முன்னாடி நின்னு வளையத்த அமுக்கிட்டு இருக்கா. டிவியே போடலை" அப்படின்னார். எனக்குப் பக்குனு ஆச்சு.

சனிக்கிழமை காலைல துப்புக் குடுத்தது அக்கா பையன். வயசு 11, அரையாண்டு லீவுக்கு வந்திருந்தான். வீடியோ கால்ல எட்டிப் பார்த்து, "மாமா, நான் போட்ட கார் கேமும் தொறக்க மாட்டேங்குது"ன்னான். எப்ப போட்டேன்னேன். செவ்வாய்க்கிழமையாம். ரெண்டு கேம். பெரிய சைஸ்.

அப்பதான்யா மணி அடிச்சுது. கார்டு!

இந்தப் போலிக் கார்டுங்க எப்படி ஏமாத்துதுன்னா, உள்ள இருக்கிற சிப்பு என்னவோ 16 ஜிபியோ 32 ஜிபியோதான். ஆனா கார்டுக்குள்ள இருக்கிற கன்ட்ரோலரை, 'நான் 512'ன்னு பொய் சொல்லும்படி மாத்தி வெச்சிருப்பாங்க. பொட்டி நம்பிடும். நிஜ அளவு வரைக்கும் எழுதினது ஒழுங்கா இருக்கும். அதைத் தாண்டி எழுதும்போதும் 'எழுதிட்டேன், எழுதிட்டேன்'னுதான் சொல்லும். எழுதினது காத்துல போயிருக்கும், இல்லாட்டி பழசு மேலயே ஏறி அதையும் கெடுத்திருக்கும். படிக்கப் போறப்பதான் குட்டு உடையும். அஞ்சு மாசம் நல்லா ஓடினதுக்குக் காரணம், அஞ்சு மாசமா யாரும் அதை நிரப்பலை. பையன் நிரப்பினான், பாவம் அவன் மேல தப்பே இல்ல. கார்டு வாங்கின கையோட, கம்ப்யூட்டர்ல சொருகி 'எஃப்3'யோ 'எச்2டெஸ்ட்டபிள்யூ'வோ ஓட்டியிருந்தா முழுக்க எழுதி, முழுக்கத் திருப்பிப் படிச்சுப் பார்த்துச் சொல்லியிருக்கும். ரெண்டும் இலவசம். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கியிருக்கலாம். ஆபிஸ்ல டெஸ்ட் பண்ணாம கோடு அனுப்புற பசங்களுக்கு நான் பாடம் எடுக்கிறவன், தெரியும்ல.

பொட்டியை மூணு செகண்டு அமுக்கி அணைக்கச் சொன்னேன். பின்னாடி சாய்ச்சு நிக்க வெக்கிற கால் இருக்கே, அதைத் தூக்கினா அடியில கார்டு இடுக்கு. அம்மா நகத்தால ஒரு அமுக்கு அமுக்கினதும் வெளிய துள்ளிச்சு. "இந்தத் துணுக்கா இத்தனை பாடு படுத்திச்சு?"

கார்டு இல்லாம ஆன் பண்ணினோம். உள் நினைவகம் கிட்டத்தட்ட காலிதான், எல்லாத்தையும் நான்தான் அந்தக் கார்டுக்கு மாத்தித் தொலைச்சிருந்தேனே. பிளஸ் பட்டன், சாஃப்ட்வேர் அப்டேட், இன்டர்நெட் வழியா. கோடு நகர ஆரம்பிச்சுது. அம்மா போனை டிவிக்கு எதிர்ல தம்ளர் மேல சாய்ச்சு வெச்சுட்டாங்க. யாரும் பேசலை. பாதி. முக்கால். அந்த முக்கால்கிட்ட ஒரு நொடி நின்ன மாதிரி எனக்குத் தோணிச்சு. தாண்டிடுச்சு.

கேம் திறந்து, பாட்டு வந்து, அம்மா பேர் வந்துச்சு. லெவல் 58.

அம்மா பக்கத்துல மேசையிலேருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாங்க. பால் கணக்கு எழுதுற நோட்டு. பின்பக்கத்துலேருந்து தலைகீழாத் திருப்பி எழுதியிருக்கு. தேதி, எத்தனை நிமிஷம், எந்த உலகம், எந்த லெவல், வலது முட்டி எப்படி, இடது முட்டி எப்படி. 131 வரியும் நீலமையில. டிவியில இருக்கிறதையும் நோட்டுல இருக்கிறதையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துட்டு, சரின்னு தலையாட்டினாங்க.

"இதை ஏன்மா முதல்லயே சொல்லலை? நான் ரெண்டு நாளா வயித்தைக் கலக்கிக்கிட்டு இருந்தேன்."

"டாக்டர்ட்ட காட்டதுக்கு எழுதினேன். இதுல லெவல் திரும்பி வருமா என்ன?"

வராதுதான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

"அப்ப வெள்ளிக்கிழமை டிவி போடாம நின்னியாமே?"

வளையத்துல மாட்டின ஜாய்-கானோட குச்சியை ஒரு தடவை உள்ள அமுக்கினா, பொட்டி அணைஞ்சிருந்தாலும் நாம எத்தனை தடவை வளையத்தை அமுக்குறோம்னு அது எண்ணி வெச்சுக்கும். அடுத்த தடவை கேமைத் திறந்ததும் கணக்குல சேர்த்துடும். அந்த வசதி இருக்கிறதே எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் விளையாடினவனுக்கு எப்படித் தெரியும்? அம்மா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. சனிக்கிழமை கேம் திறந்ததும் அதையும் சேர்த்துக் குடுத்துச்சு.

"சரி வைக்கேன், ஆறரை ஆச்சு, அப்புறம் உங்கப்பா காபி காபிம்பாரு" அப்படின்னுட்டு தொடைப் பட்டையைக் கட்ட ஆரம்பிச்சாங்க. போனை அணைக்க மறந்துட்டாங்க. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். கேமரா சாய்ஞ்சு பாதி டிவி, பாதி புடவைக் கரை. நோட்டுல 132 எழுதுறப்பதான் போன் கண்ணுல பட்டு, "நீ இன்னும் போகலையால?"ன்னாங்க.

டிஸ்கி: பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்னு சொன்ன நண்பர் கையில ஒரு நல்ல கார்டு குடுத்தனுப்பினேன், எஃப்3 ஓட்டிப் பார்த்துட்டு. கிளவுட் சந்தாவும் கட்டியாச்சு. அந்தப் போலிக் கார்டை எறிஞ்சுடச் சொன்னேன். பையன் கேட்டு வாங்கி வெச்சிருக்கானாம், எத்தனை ஜிபி வரைக்கும் உண்மை சொல்லுதுன்னு கண்டுபிடிக்கப் போறானாம் :-)